அச்சுக்கலையும் விருந்தாளிக் கலைஞர்களும்

சென்ற இதழில் நண்பர் ஒருவர், தற்காலக் கலை மையங்கள் ஓவியர்களுக்கு அளிக்கத் தொடங்கியிருக்கும் 'ரெஸிடென்ஸி' வாய்ப்புகளைப் பற்றி மிகுந்த பரவசத்துடன் எழுதியிருந்தார். அதிலும் அச்சோவியத்திற்கென்றே ஒரு மையம் அளிக்கும் நான்கு வார வாய்ப்பை, நம் கலைச் சூழலில் ஒரு விடியல் என்கிற அளவுக்குக் கொண்டுபோயிருந்தார். தங்க அறை, மூன்று வேளைச் சாப்பாடு, ப்ரெஸ், தகடு, மை, தாள், எல்லாம் இலவசம். பதிலுக்குக் கலைஞர் இரண்டு படிகளை மையத்துக்கு விட்டுச் செல்ல வேண்டும். கடைசி நாளன்று ஓர் உரை நிகழ்த்த வேண்டும். இதைவிட ஒரு கலைஞனுக்கு வேறென்ன வேண்டும் என்று நண்பர் கேட்கிறார். வேறு சில வேண்டும் என்பது என் கட்சி. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

மையத்தின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் விவாதம் அந்தப் பெயரைச் சுற்றியே நின்றுவிடும். நமக்கு அது பழக்கமான வியாதி. நான் சொல்லவிருப்பது ஒரு ஸ்தாபனத்தின் குறை அல்ல. ஒரு மனோபாவத்தின் குறை. அந்த மனோபாவம் நம்மிடமும் இருக்கிறது என்பதைக் கடைசியில் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஓர் ஓவியர் அங்கே நான்கு வாரம் இருந்தார். அவர் அழைத்ததன் பேரில் இரண்டு நாள் போயிருந்தேன். அவர் நல்ல ஓவியர்தான். கான்வாஸில் அவர் செய்பவற்றைப் பற்றி எனக்கு மரியாதை உண்டு. ஆனால் தகட்டை அதற்கு முன் அவர் தொட்டதில்லை. அங்கே நான் பார்த்தது இதுதான். துத்தநாகத் தகட்டைத் தேய்த்து, ஓரங்களை அராவி, மெழுகுப் பூச்சுப் பூசித் தயாராக வைத்தவர் அந்தப் பட்டறையில் வேலை செய்யும் ஓர் இளைஞர். ஓவியர் வந்து அதன் மேல் ஊசியால் கோடுகள் போட்டார். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பிறகு டீ குடிக்கப் போனார். தகடு அமிலத்துக்குள் போனது. எந்தக் கோடு எவ்வளவு ஆழம் அரிபட வேண்டும், எந்தப் பகுதியை நடுவில் வெளியே எடுத்து வார்னிஷ் பூசி மறைத்துவிட்டு மற்றதை மேலும் அரிக்க விட வேண்டும், இதையெல்லாம் தீர்மானித்தது அந்த இளைஞர். ஒரு பறவை இறகால் தகட்டின் மேல் எழும் குமிழ்களைத் தள்ளிக்கொண்டே, கடிகாரத்தைப் பார்க்காமல் குமிழ்களைப் பார்த்து நேரத்தைக் கணித்துக்கொண்டிருந்தார். பிறகு மை பூசி, கஞ்சி போட்ட வலைத்துணியால் துடைத்து, கடைசியில் உள்ளங்கையாலேயே துடைத்து, ஈரப்படுத்திய தாளை வைத்து, கம்பளியைப் போர்த்தி, சக்கரத்தைச் சுற்றினார். படி வந்தது. ஓவியர் பார்த்துவிட்டு, "பிரமாதம், இந்த மூலையில இந்தக் கறுப்பு நான் எதிர்பார்க்கவே இல்லை" என்றார்.

எதிர்பார்த்திருக்க முடியாதுதான். அது அவருடைய கறுப்பு இல்லை.

இருபத்தைந்து படிகள் எடுக்கப்பட்டன. ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் இடது ஓரம் 1/25, 2/25 என்று எண், நடுவில் தலைப்பு, வலது ஓரம் ஓவியரின் கையெழுத்து. பிறகு அந்தத் தகட்டின் குறுக்கே ஆணியால் ஒரு கோடு இழுக்கப்பட்டது. இனி அதிலிருந்து யாரும் இன்னொரு படி எடுக்கக்கூடாதாம். அந்தக் கோட்டை இழுக்கும் வேலையும் அந்த இளைஞருக்குத்தான். அவர் பெயர் படியில் இல்லை, மையம் பின்னர் அச்சிட்ட சிற்றேட்டில் இல்லை, கடைசி நாள் உரையிலும் இல்லை.

இந்த ஒரு காட்சியில் இரண்டு பொய்கள் இருக்கின்றன. ஒன்று, கை பற்றிய பொய். மற்றது, எண்ணிக்கை பற்றிய பொய். இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது நமக்கு, சிறுபத்திரிகைக்காரர்களுக்கு, மிகவும் சம்பந்தப்பட்டது.

*

அச்சோவியம் ஓவியத்தின் ஏழைத் தம்பியாகப் பிறந்தது. அதுதான் அதன் பெருமை. கல்லச்சைக் கண்டுபிடித்த அலாய்ஸ் செனஃபெல்டர் ஓவியரே அல்ல. பவேரியாவில் நாடகம் எழுதிக்கொண்டு, அதை அச்சிடக் கையில் காசில்லாமல் திண்டாடிய மனிதர். எழுத்து வார்ப்பு வாங்க வழியில்லை, அச்சகத்துக்குக் கொடுக்க வழியில்லை. தன் நாடகத்தைத் தானே அச்சிட மலிவான வழி தேடித் தாமிரத் தகட்டில் பழகி, அதுவும் விலை அதிகமாகி, உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல்லுக்கு வந்தார். சலவைக்குப் போட்ட துணிக் கணக்கைத் தாள் கிடைக்காமல் கல்லின் மேல் எண்ணெய் மையால் எழுதிவைத்ததிலிருந்து இந்த முறை பிறந்தது என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். 1796இலிருந்து 1798க்குள் நடந்த விஷயம். எண்ணெயும் நீரும் ஒட்டாது என்ற, சமையலறையில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றின் மேல் ஒரு முழுக் கலை எழும்பியது. எழுபதுகளில் ஒரு டிரெடில் அச்சகத்தின் வாசலில் பாக்கிக் கணக்கோடு நின்ற நம் தலைமுறைக்குச் செனஃபெல்டர் அந்நியர் அல்ல. அவர் நம் ஜாதி.

இன்னொரு சம்பவம். 1799 பிப்ரவரியில் கோயா தன்னுடைய 'காப்ரிச்சோஸ்' வரிசையை மாட்ரிடில் விற்பனைக்கு வைத்தார். எண்பது எட்சிங்குகள். விற்ற இடம் ஓவியக்கூடம் அல்ல. வாசனைத் திரவியங்களும் மதுவும் விற்கும் ஒரு கடை. அந்தத் தெருவின் பெயருக்கு ஏறக்குறைய 'மயக்கம் தெளிதல்' என்று பொருள். சுமார் முந்நூறு தொகுதிகள் அச்சிட்டார். விற்றவை இருபத்தேழு. 1803இல் மீந்துபோன 240 தொகுதிகளையும் தகடுகளையும் அரசனிடம் ஒப்படைத்துவிட்டு, மகனுக்கு ஓர் உதவித்தொகை வாங்கிக்கொண்டார். முந்நூறு அச்சிட்டு இருபத்தேழு விற்ற கணக்கு இதைப் படிக்கும் யாருக்கும் விளக்கம் தேவைப்படாத கணக்கு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோயாவின் எண்ணிக்கை அவருடைய நம்பிக்கை. விற்காதது உலகத்தின் குற்றம். இருபத்தைந்தோடு நிறுத்தித் தகட்டைக் கீறிவிடுகிறவருக்கு அந்த நம்பிக்கையே கிடையாது. அவர் அரிதை உற்பத்தி செய்கிறார். நாம் முந்நூறு அச்சிடுவது முந்நூற்றுக்கு மேல் வாங்க ஆளில்லாததால்; அவர் இருபத்தைந்து அச்சிடுவது இருபத்தாறாவது ஆளுக்கு இல்லை என்று சொல்வதற்காக.

நண்பர் உடனே ஒரு தொழில்நுட்ப ஆட்சேபம் எழுப்புவார். எழுப்பட்டும், அது நியாயமானதுதான். தகட்டில் நேராகக் கீறி எடுக்கும் ட்ரைபாயிண்ட்டில் கோட்டின் ஓரத்தில் எழும் பிசிர் சில டஜன் படிகளிலேயே நசுங்கிப்போகும். ரோசனப் பொடி தூவி அரிக்கும் அக்வாடிண்ட்டின் மென்மையான தொனிகள் தேயும். அங்கே எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு இயற்கையாகவே உண்டு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லினோவுக்கும் மரத்துக்கும் கல்லுக்கும் அந்த வரம்பு இல்லை. எட்சிங் தகடுகூட நூற்றைத் தாண்டும். தாமிரத்துக்கு எஃகுப் பூச்சுக் கொடுத்தால் அதற்கு மேலும் போகும். டியூரருக்கும் ரெம்ப்ராண்டுக்கும் 1/25 என்று எழுதும் வழக்கம் தெரியாது. பென்சில் கையெழுத்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த வழக்கம். எண் போடுவது பொதுவான வழக்கமானது அதற்கும் பிறகு. புகைப்பட முறை அச்சு மலிந்து, படம் என்பது எல்லோருக்கும் கிடைத்துவிட்ட பிறகு, தன்னுடையது அந்தப் 'படம்' இல்லை என்று காட்டிக்கொள்ள வேண்டிய அவசியம் வியாபாரிகளுக்கு ஏற்பட்டது. அந்த அவசியத்தைத்தான் நம் மையங்கள் கலையின் இலக்கணம் என்று எடுத்துக்கொண்டிருக்கின்றன.

நம் நாட்டிலேயே வேறொரு மரபு இருக்கிறது. 1943இன் வங்கப் பஞ்சத்தை மிட்னாப்பூர் மாவட்டத்தில் நடந்தே பார்த்து வரைந்த சித்தபிரசாத், அதை மலிவான ஒரு பிரசுரமாக வெளியிட்டார். ஆங்கில அரசு பிரதிகளைப் பறித்து அழித்தது. இருபத்தைந்து படிகளாகச் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்தால் அரசு அதைச் சட்டை செய்திருக்காது. எண்ணிக்கைக்கு அரசுகள் பயப்படுகின்றன. கலை மையங்களும் எண்ணிக்கைக்குப் பயப்படுவது ஏன் என்று யோசித்துப் பார்க்கலாம்.

*

இனி கை.

விருந்தாளிக் கலைஞரும் பட்டறைக்காரரும் சேர்ந்து அச்சோவியம் செய்வதே தவறு என்று நான் சொல்லவில்லை. இதில் உலகத்தில் இரண்டு நேர்மையான வழிகள் இருந்திருக்கின்றன. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. இரண்டிலிருந்தும் கற்றுக்கொள்ளலாம்.

முதலாவது, அமெரிக்காவில் ஜூன் வெய்ன் என்ற பெண் கலைஞர் 1960இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய டாமரிண்ட் கல்லச்சுப் பட்டறை. இருந்த தெருவின் பெயரால் வந்த பெயர். டாமரிண்ட் என்றால் நம் புளிதான். இந்தியப் பேரீச்சை என்று அராபியர்கள் வைத்த பெயர் அங்கே ஒரு தெருவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. கல்லச்சில் வேலை செய்ய ஆசைப்பட்ட வெய்ன், தன் நாட்டில் அதற்கேற்ற அச்சாளர் இல்லாமல் பாரிஸுக்குப் போக வேண்டியிருந்தது. திரும்பி வந்து ஃபோர்டு அறக்கட்டளையிடம் பணம் கேட்டபோது அவர் போட்ட திட்டம் ஓவியர்களுக்கு மட்டுமானது அல்ல. ஓவியர்கள் வந்து தங்கினார்கள், இரண்டு மாதம் வேலை செய்தார்கள், போனார்கள். ஆனால் அந்தப் பட்டறை உருவாக்க நினைத்த முக்கியமான பொருள் படம் அல்ல, அச்சாளர். வருகிற ஒவ்வொரு ஓவியரின் பிடிவாதமும் ஓர் இளம் அச்சாளருக்குப் பாடம். பயிற்சி முடித்தவர்கள் வெவ்வேறு ஊர்களில் போய்ச் சொந்தப் பட்டறை வைத்தார்கள். 1970இல் அது நியூ மெக்ஸிகோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆல்புகர்க்கிக்குப் போனது. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. டாமரிண்ட் படிகளில் தாளின் ஓரத்தில் மையில்லாமல் அழுத்தி எழுப்பிய இரண்டு சிறு முத்திரைகள் இருக்கும். ஒன்று பட்டறையுடையது. மற்றது அந்தப் படியை அச்சிட்ட மனிதருடையது.

டாமரிண்டையும் நான் கோயிலாக்கவில்லை. எண்ணிக்கையை இருபது என்கிற அளவில் கட்டிவைத்ததில் அவர்களும் சந்தையின் பாஷையைத்தான் பேசினார்கள். ஆனால் கையை மறைக்கவில்லை.

இரண்டாவது வழி, பாரிஸில் ஸ்டான்லி வில்லியம் ஹேய்டர் 1927இல் தொடங்கிப் பின்னால் 'அதெலியே 17' என்று பெயர் பெற்ற பட்டறை. இங்கே அச்சிட்டுக் கொடுக்க ஆள் கிடையாது. பிக்காஸோவோ மிரோவோ யார் வந்தாலும் தகடு ஒரு பரிசோதனைக் களம். அதில் இறங்குகிறவன் தானே இறங்க வேண்டும். கோடு போட்டுவிட்டு டீ குடிக்கப் போகும் ஓவியருக்கு அங்கே வேலை இல்லை. இந்தப் பட்டறையில்தான் கிருஷ்ண ரெட்டி வந்து சேர்ந்தார். சித்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் 1925இல் பிறந்து, சாந்திநிகேதனில் படித்து, நாற்பதுகளின் கடைசியில் சென்னையில் கலாக்ஷேத்திராவின் ஓவியப் பிரிவை நடத்திவிட்டு, லண்டன் வழியாகப் பாரிஸுக்குப் போனவர். அடிப்படையில் சிற்பி. ஆகவே தகட்டை வரையும் பரப்பாகப் பார்க்காமல் குடையும் பொருளாகப் பார்த்தார். தகட்டில் மேடும் பள்ளமுமாகப் பல தளங்களைக் குடைந்து, மென்மையான ரோலர் பள்ளம் வரை இறங்கும், கடினமான ரோலர் மேட்டை மட்டும் தொடும் என்பதையும், எண்ணெய் அதிகமான மை எண்ணெய் குறைந்த மையை ஏற்காமல் தள்ளும் என்பதையும் சேர்த்து, ஒரே தகட்டில், ஒரே ஓட்டத்தில் பல வண்ணங்களை அச்சிடும் முறையை மும்பைக்காரரான கைகோ மோத்தியோடும் ஹேய்டரோடும் வளர்த்தெடுத்தார். 1960களின் நடுவில் அந்தப் பட்டறையின் இணை இயக்குநரானார். 1976இல் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தார். 2018இல் அங்கேயே இறந்தார்.

அந்தக் கண்டுபிடிப்பு நான்கு வார விருந்தில் நடக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் மையை விரலில் தொட்டுத் தொட்டு, எத்தனை சொட்டு ஆளி விதை எண்ணெய் என்று எண்ணி எண்ணி, கெட்டுப்போன தகடுகளின் குவியலின் மேல் நின்று அடைந்த விஷயம். ஊடகம் எதிர்க்கும் இடத்தில்தான் அது பேசத் தொடங்குகிறது. எதிர்ப்பு முழுவதையும் இன்னொருவர் வாங்கிக்கொண்டு, வழுவழுப்பாக்கிக் கொடுத்துவிட்டால் விருந்தாளிக்குக் கிடைப்பது தன்னுடைய பழைய கோட்டுச் சித்திரத்தின் பிரதி. நான் அங்கே பார்த்த படி, அந்த ஒரு மூலைக் கறுப்பு நீங்கலாக, அப்படித்தான் இருந்தது.

ஆக, வழிகள் இரண்டு. கலைஞனே கையை அழுக்காக்கிக்கொள்வது, அல்லது இன்னொரு கை வேலை செய்தது என்று ஒப்புக்கொள்வது. நம் மையம் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறது. அதெலியே 17இலிருந்து கலைஞனின் மகத்துவத்தை எடுத்துக்கொண்டது, உழைப்பை விட்டுவிட்டது. டாமரிண்டிலிருந்து அச்சாளரின் உழைப்பை எடுத்துக்கொண்டது, முத்திரையை விட்டுவிட்டது.

இரண்டாம் நாள் இரவு அந்த இளைஞர் தன்னுடைய வேலைகளைக் காட்டினார். வீணான தாள்களின் பின்பக்கத்தில், தட்டு ஓரங்களில் மிஞ்சிய மையில் எடுத்தவை. சிறு லினோ துண்டுகள். ஒரு குடிநீர்க் குழாய், அதன் முன்னால் வரிசையாகக் காலிக் குடங்கள், மனிதர்கள் யாரும் இல்லை. குடங்களுக்கு அவர் விட்டிருந்த வெள்ளை நான் அங்கே இரண்டு நாளில் பார்த்த எல்லாவற்றையும்விட என்னைத் தொந்தரவு செய்தது. இவர் விண்ணப்பித்திருக்கலாமே என்று கேட்டேன். "இங்க வேலை செய்யறவங்க விண்ணப்பிக்கக் கூடாது சார், ரூல் இருக்கு" என்றார். புகாராகச் சொல்லவில்லை. மின்சாரம் எப்போது போகும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

*

இவ்வளவு எழுதியபின் நான் தப்பித்துப் போக முடியாது. எண்பதுகளின் தொடக்கத்தில் நானும் சில நண்பர்களும் ஒரு பத்திரிகை நடத்தினோம். ஏழு இதழ். அச்சகம் ஒரு சந்துக்குள் இருந்தது. அங்கே எழுத்து கம்மி. எட்டுப் பக்கம் கோத்து, அச்சடித்து, அந்த எழுத்துகளைக் கலைத்துப் போட்டபிறகுதான் அடுத்த எட்டுப் பக்கம். ஒரு நாள் அச்சுக்கோப்பவர் என்னைக் கூப்பிட்டு, "இந்தக் கவிதைல 'ஐயோ' அஞ்சு தடவை வருது சார். 'ஐ' மூணுதான் மிச்சம் இருக்கு. பாரத்தைக் கலைக்கணுமா, இல்ல..." என்று நிறுத்தினார். நிறுத்திவிட்டு, "நாலாவது, அஞ்சாவது இல்லேன்னாலும் அழுகை கேக்குது சார்" என்றார். கவிஞரிடம் கேட்டேன். கோபித்துக்கொண்டார். மறுநாள் வந்து இரண்டையும் எடுத்துவிட்டார். அந்தக் கவிதை பிறகு இரண்டு தொகுப்புகளில் வந்தது. அதன் சொற்சிக்கனம் பற்றிப் பேசப்பட்டது. நானே ஒரு கூட்டத்தில் பேசியிருக்கிறேன்.

அந்த அச்சுக்கோப்பவரின் பெயர் எனக்குத் தெரியாது. மறந்துவிட்டது என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். இல்லை. நான் கேட்டதே இல்லை. அவர் என்னை 'சார்' என்றார், நான் அவரை 'தம்பி' என்றேன், ஏழு இதழ் முடிந்துவிட்டது. பத்திரிகையில் அச்சகத்தின் பெயர் இருந்தது. அதுவும் மரியாதையால் அல்ல. அச்சிட்டவர் பெயரும் இடமும் தெரிய வேண்டும் என்று 1867இல் ஆங்கிலேயன் போட்ட சட்டம் அதைக் கேட்டது. வழக்குப் போடுவதற்கு ஆள் வேண்டும் என்ற கவலையிலாவது அவன் கேட்டான். அழகியல் பேசிய நாங்கள் எந்தக் கவலையிலும் கேட்கவில்லை.

ஆகவே நண்பரின் விடியலைப் பழிக்க எனக்கு முழு உரிமை இல்லை என்பது தெரிந்தே பழிக்கிறேன். அந்த மையம் மூடப்பட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ப்ரெஸ் இருப்பது இல்லாததைவிட மேல். ஆனால் மூன்று விஷயங்கள் செய்யலாம். எதற்கும் பெரிய பணம் தேவையில்லை. படியில் அச்சாளரின் பெயரோ முத்திரையோ இருக்கட்டும். வருகிறவர் முதல் வாரம் முழுவதும் தகடு தேய்க்கட்டும், பூச்சுப் பூசட்டும், கெடுக்கட்டும். நான்கு வாரத்தில் அது முடியாதென்றால் எட்டு வாரமாக்கி, பாதிப்பேரை அழைக்கட்டும். மூன்றாவதாக, சந்தைக்கு இருபத்தைந்து எடுக்கிற ஒவ்வொருவரும் எண்ணும் கையெழுத்தும் இல்லாத ஒரு லினோவைச் செதுக்கி, அதை டீக்கடைக் காசுக்கு யார் வேண்டுமானாலும் வாங்கும்படி விட்டுச் செல்லட்டும். வேலை செய்கிறவர் விண்ணப்பிக்கக் கூடாது என்ற விதியை எடுத்துவிட வேண்டும் என்பதை நான் நாலாவதாகச் சேர்க்கவில்லை. அது கோரிக்கையாக எழுதும் அளவுக்குக்கூடத் தகுதியில்லாத விஷயம்.

இந்தப் பத்திரிகை இப்போது ஆஃப்செட்டில் வருகிறது. எழுத்துக் கோப்பவர் இல்லை. ஆனால் பக்கம் அமைக்க ஒருவர், பிளேட் போட ஒருவர், மெஷினில் ஒருவர், மடித்துத் தைக்க இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். போன வாரம் அச்சகத்துக்குப் போய் ஐந்து பேருடைய பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன். கட்டுரையோடு அந்தச் சீட்டையும் ஆசிரியருக்கு அனுப்பியிருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் அதைப் போட இடமில்லை என்றால் இந்தக் கட்டுரையில் இரண்டு பத்தியை வெட்டிவிட்டுப் போடலாம். அதற்கும் மனமில்லை என்றால் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடவும்.